முதல் பொம்மையைத் தூக்கிப் போடாதீங்க!

ஒரு குட்டி வீரன் பொம்மையை 3டி பிரிண்ட் பண்ணி, ஆசை ஆசையா பெயின்ட் அடிச்சிருப்பீங்க. முடிச்சுப் பார்த்தா முகத்தையே காணோம். கண், மூக்கு எல்லாம் பூச்சுக்குள்ள புதைஞ்சு போயிருக்கும். "நமக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தப்பு உங்கள் கையில் இல்லை, பெயின்ட்டின் தடிமனில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மினியேச்சர் உருவங்களில் அதிகம் புழங்கும் அளவு 28 மி.மீ. 168 செ.மீ. உயரமுள்ள ஆளை 60 மடங்கு சுருக்கினால் இந்த அளவு வரும். அதன் மேல் 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினால், நிஜ ஆளின் முகத்தில் 6 மி.மீ. கனத்துக்கு சிமென்ட் பூசியதற்குச் சமம். அப்புறம் மூக்கு எப்படித் தெரியும்?

அதனால் முதல் வேலை, பொம்மையை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் ஸ்பிரேயை லேசாக அடிப்பது. இல்லையென்றால் பெயின்ட் பிடிக்காது. மாஸ்க் போட்டு, திறந்த வெளியில் அடிங்க. மழை ஈரம் இருக்கும் நாளில் வேண்டாம்.

அடுத்து, அக்ரிலிக் பெயின்ட்டில் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கரைங்க. பிரஷ்ஷைத் தோய்த்ததும் டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றிவிட்டுப் பொம்மையைத் தொடுங்க. முதல் கோட் திட்டுத்திட்டாத்தான் இருக்கும், பதறாதீங்க. நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது கோட் அதைச் சரிசெய்துவிடும். அவசரப்பட்டா அடியில இருக்கிறதும் உரிஞ்சு வந்துடும்.

பிரஷ் எவ்வளவு பொடிசோ அவ்வளவு நல்லது என்பது தப்புக் கணக்கு. பொடி பிரஷ்ஷில் பெயின்ட் நிற்காது, நுனியிலேயே காய்ந்துவிடும். நுனி கூர்மையாக இருக்கும் 1-ஆம் நம்பர் பிரஷ் போதும். வேலை செய்யும்போது ஃபேனைத் திருப்பி வையுங்க. ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த டிஷ்யூ, அதன் மேல் பேக்கிங் ஷீட் விரித்துப் பெயின்ட் வைத்தால் சீக்கிரம் காயாது. பொம்மையை ஒரு பாட்டில் மூடியில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி பிடிச்சா நடுக்கம் பாதி குறையும்.

இனி நிழல். பொம்மையோடு ஒப்பிட்டால் ட்யூப்லைட் ராட்சச சைஸ். ஒளி எல்லாப் பக்கமும் பரவுவதால் துணி மடிப்பில் இயல்பான நிழல் விழாது. அதை நாம்தான் வரையணும். நிறையத் தண்ணீர் கலந்த அடர் பழுப்பைத் தடவினால் அதுவே ஓடிப்போய்ப் பள்ளங்களில் தங்கும். இதற்குப் பெயர் வாஷ். அது காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் நிறத்தை மேடுகளில் மட்டும் உரசுங்க. இது டிரை பிரஷ். இந்த இரண்டிலேயே பொம்மைக்கு உயிர் வந்துவிடும்.

கடைசியா ஒண்ணு. நல்லா வரலைன்னு பாதியில் விடாதீங்க. முடித்து, தேதி எழுதி அலமாரியில் வையுங்க. அதே பொம்மையை இன்னும் நான்கு முறை அடிங்க. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்க. ஐந்தாவதை முதலாவதின் பக்கத்தில் வைக்கும்போது, கை எவ்வளவு தேறியிருக்குன்னு உங்களுக்கே தெரியும். அதைப் பார்க்க முதல் பொம்மை இருக்கணும் இல்லையா?