அடக்கம்: ஒரு சொல், பல பொருள்



'நல்லடக்கம் மாலை 4 மணிக்கு' என்று பங்கு அறிவிப்பில் கேட்கிறோம். 'அடக்கம் வேண்டும்' என்று மறையுரையில் கேட்கிறோம். இறந்தவரைப் புதைப்பதற்கும் நாவைக் காப்பதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

'அடங்கு' என்பதே இதன் வினை. ஒன்றினுள் அமைதல், தணிதல் என்று பொருள். கலங்கு 'கலக்கம்' ஆவதுபோல, ஒடுங்கு 'ஒடுக்கம்' ஆவதுபோல, அடங்கு 'அடக்கம்' ஆயிற்று. நூலுக்குள் இருப்பது உள்ளடக்கம். கைக்குள் அமைவது கையடக்கம். மண்ணுக்குள் வைப்பது நல்லடக்கம். சினமும் சொல்லும் ஆசையும் மனிதருக்குள்ளேயே தணிந்து நிற்பதுதான் நாம் பேசும் அடக்கம். திருக்குறளின் 13-ஆம் அதிகாரமான அடக்கமுடைமையில், ஐம்புலன்களையும் அடக்குபவருக்கு ஆமை உவமையாகிறது. ஆமை தானாகவே உறுப்புகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை.

'அடக்கு' என்பது பிறவினை. அடுத்தவரை அடக்கினால் அதற்குப் பெயர் அடக்குமுறை. நம் வீடுகளில் இவ்விரண்டும் குழம்பிவிடுகின்றன. மருமகள் வாய் திறக்காவிட்டால் 'அடக்கமான பெண்' என்று புகழ்கிறோம். அவர் அஞ்சி மௌனமாக இருந்தால் அது அடக்கம் அன்று, அடக்கப்பட்ட நிலை. எடுத்ததற்கெல்லாம் கத்துகிற குடும்பத் தலைவரை நோக்கி 'உமக்கு அடக்கம் இல்லை' என்று சொல்ல நமக்கு ஏனோ வாய் வருவதில்லை!

தூய ஆவியின் கனியைத் திருத்தூதர் பவுல் 9 பண்புகளாகக் கூறும்போது (கலா 5:22-23) இறுதியாக வருவது தன்னடக்கம். பழைய விவிலியச் சங்க மொழிபெயர்ப்பில் இது 'இச்சையடக்கம்'. மூலக் கிரேக்கச் சொல் 'எங்க்ராத்தேயா'. அதனுள் இருக்கும் 'க்ராத்தோஸ்' என்பதற்கு ஆற்றல், ஆட்சி என்று பொருள். எனவே இது வலுவற்றவரின் பணிவைக் குறிப்பதன்று. தன்மேல் தானே ஆட்சி செய்வது. 'தன்' என்ற சிறு முன்னொட்டு அதை நன்றாகவே காட்டுகிறது.

இதே சொல்லைப் பவுல் செசரியாவில் ஆளுநர் பெலிக்சின் முன்பும் எடுத்தார் (திப 24:24-27). கைதி பேசுகிறார், ஆளுநரும் அவர் மனைவி துருசில்லாவும் கேட்கிறார்கள். நீதி, தன்னடக்கம், வரவிருக்கும் தீர்ப்பு என்று பேச்சு நீண்டதும் ஆளுநருக்கு அச்சம் பிடித்தது. இப்போது போகலாம், பிறகு அழைக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பலமுறை அழைக்கவும் செய்தார், பவுலிடமிருந்து பணம் கிடைக்கும் என்று. 2 ஆண்டுகள் கழிந்து வேறோர் ஆளுநர் வந்தபோதும் பவுல் சிறையிலேயே இருந்தார்.