சைடு வீல் வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

தச்சூர் கூட்டுச்சாலையில் பிரிந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிற சாலையில், பின்பக்கம் இரு புறமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்களை அடிக்கடி பார்க்கலாம். அரசு ஆவணங்களில் அதன் பெயர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். ஊரில் சைடு வீல் வண்டி. தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இவற்றை விலையில்லாமல் வழங்கி வருகிறது. சொந்தக் காசில் சக்கரம் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகிறவருக்கும் மீஞ்சூரில் கடை வைத்திருப்பவருக்கும் இந்த வண்டிதான் கால். ஆனால் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் முதலில் வரும் குறை ஒன்றுதான்: "பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது."

சாதாரண ஸ்கூட்டரிலும் குலுங்கத்தான் செய்கிறது. ஆனால் அதை ஓட்டுகிறவர் பள்ளத்தைப் பார்த்ததும் கால்களை ஊன்றி இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்துகொள்கிறார். அவருடைய முழங்கால்கள் இன்னொரு ஷாக் அப்சார்பராக வேலை செய்கின்றன. போலியோவாலோ முதுகுத்தண்டுக் காயத்தாலோ கால் செயலிழந்தவருக்கு அந்த வசதி இல்லை. பள்ளத்தை ஒடித்து ஒதுங்கவும் முடியாது. நடுச்சக்கரம் தப்பினால் பக்கச்சக்கரம் விழும். துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தார்ச்சாலையில் பதித்துவிட்ட வாய்க்கால் போன்ற தடத்தில் ஒரு சக்கரம் உள்ளேயும் ஒரு சக்கரம் மேட்டிலுமாகத்தான் இந்த வண்டி போக வேண்டியிருக்கிறது. நல்ல சஸ்பென்ஷன் மிகவும் தேவைப்படுகிறவருக்கே மோசமான சஸ்பென்ஷன் கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். இதில் பெரும்பகுதியை உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்ய முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பின்சக்கரத்தை ஓர் இரும்புக் கையில் (ஆடுகை) மாட்டி, அந்தக் கை மேலும் கீழும் ஆடும்படி ஒரு முனையில் அச்சாணி கொடுத்து, இடையில் ஸ்பிரிங்கும் எண்ணெய் அடைத்த ஷாக்கும் வைப்பதுதான் இன்றைய இருசக்கர வண்டிகளின் அமைப்பு. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், இந்த அமைப்பை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்ட வண்டிகளில் ஒன்று. அதே புல்லட்டை 1950களின் நடுவில் பொன்னேரிக்குத் தெற்கே திருவொற்றியூரில் கட்டத் தொடங்கினார்கள். ஸ்பிரிங்கின் வேலை அடியை வாங்கிக்கொள்வது. வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்து வண்டி துள்ளிக்கொண்டே இருக்காமல் பார்ப்பது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயின் வேலை.

சைடு வீல் மாட்டும்போது இந்த ஏற்பாடு கெடுகிறது. மலிவான அமைப்புகளில் பக்கச்சக்கரங்களின் இரும்புச் சட்டத்தை வண்டியின் சேஸியில் நேராக போல்ட் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். பக்கச்சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி எந்த ஸ்பிரிங்கையும் சந்திக்காமல் சேஸிக்கும், அங்கிருந்து ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்கும் போகிறது. நிறுவனம் கொடுத்த ஷாக் நன்றாக இருந்தும் பயனில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு: வாசல் சரிவு மாதிரியான இடத்தில் இரண்டு பக்கச்சக்கரமும் மேட்டில் நின்றுகொண்டால், இழுக்கிற நடுச்சக்கரம் அந்தரத்தில் சுழலும். ஆகவே பக்கச்சக்கரங்களுக்குத் தனித்தனி ஆடுகையும் தனி ஸ்பிரிங்கும் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இல்லையென்றால் மற்ற திருத்தங்களால் பாதிப் பலன்தான்.

ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வண்டியின் எடையாலும் ஓட்டுகிறவரின் எடையாலும் ஸ்பிரிங் மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் சுருங்குகிறதோ, பொருத்தும்போதே கொடுத்த அழுத்தத்தையும் சேர்த்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். 4 சென்டிமீட்டர் சுருங்கினால் நொடிக்கு இரண்டரை ஆட்டம். 1 சென்டிமீட்டர்தான் சுருங்குகிறது என்றால் நொடிக்கு ஐந்து. உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேல்கீழ் அதிர்வு மிக அதிகமாக வருத்துவது நொடிக்கு 4 முதல் 8 என்ற எல்லைக்குள். முழு உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் இந்த எல்லையைத்தான் முக்கியமாகக் கொள்கிறது. ஆக, கல் மாதிரி இறுகிய ஸ்பிரிங் போட்ட வண்டி, உடம்பு தாங்காத வேகத்திலேயே நம்மை ஆட்டுகிறது.

ஓட்டுகிறவர் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதை அளக்க டேப் ஒன்று போதும். பின்பக்கத்தை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து, சக்கரம் தொங்கும் நிலையில் ஆக்சில் நட்டிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஓட்டுகிறவரே ஏறி உட்கார்ந்த பின் அதே இரு புள்ளிகளையும் மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசம், சக்கரம் ஆடக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. பந்தய வண்டிகளைத் தயார் செய்கிறவர்கள் இன்றைக்கும் முதலில் எடுக்கும் அளவுகளில் இந்த வித்தியாசமும் ஒன்று. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 85 கிலோ ஆணுக்கும் ஒரே ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்பினால் இருவரில் ஒருவராவது அவதிப்படத்தான் வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அடி பலமாக விழுவதற்கு இறுகிய ஸ்பிரிங் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு நேர் எதிரானதும் காரணமாகலாம். பக்கச்சக்கரச் சட்டத்தின் இரும்பு எடை கூடியதால் ஸ்பிரிங் ஏற்கெனவே பெரும்பாலும் அமுங்கிப்போய், சின்ன ஸ்பீட் பிரேக்கரில்கூட ஷாக் அடிமட்டத்தில் போய் 'டக்' என்று முட்டுவதும் ஓட்டுகிறவருக்கு அதே வலிதான். இரண்டையும் பிரித்தறிய, ஷாக்கின் குழாய்க்குள் போய்வரும் பளபளப்பான தண்டின் மேல் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, வழக்கமான சாலையில் ஒருமுறை போய்வரச் சொல்ல வேண்டும். குழாயின் வாய் எதுவரை ஏறியதோ அதுவரை கிரீஸ் வழிக்கப்பட்டிருக்கும். மேல்முனை ரப்பர் கட்டை வரை வழிக்கப்பட்டிருந்தால் ஸ்பிரிங் போதவில்லை, பலமானது வேண்டும். இரண்டு விரற்கடைகூட நகரவில்லை என்றால் ஸ்பிரிங் மிகக் கடினம், அல்லது எங்கோ எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிடித்துக்கொள்வது பழவேற்காட்டுப் பக்கம் சகஜம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பைச் சும்மா விடாது. ஆடுகையின் அச்சாணியும் புஷ்ஷும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், புது ஷாக் போட்டாலும் சக்கரம் அசையாது. ஷாக்கைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கி விட்டால் அது தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அச்சாணியைத் தட்டி எடுத்து, துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, தேய்ந்த புஷ்ஷை மாற்ற வேண்டும். பட்டறையில் இதற்கு ஆகும் செலவு, புது ஷாக்கை ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

அதைவிட மலிவான திருத்தம் காற்று. டயரே ஒரு ஸ்பிரிங்தான். ஸ்கூட்டர் பின்சக்கரத்துக்குச் சொல்லப்படும் அதிகபட்சக் காற்று, இருவர் உட்கார்வதை மனதில் வைத்தது. ஒருவர் மட்டும் போகிற வண்டியில், எடையைப் பங்கு போட்டுக்கொள்ளும் பக்கச்சக்கரங்களுக்கும் அதே பவுண்டை நிரப்பினால் டயர் கட்டையாகிவிடும். இரண்டிரண்டு பவுண்டாகக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வண்டித் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. திரும்பும்போது சாய முடியாத வண்டி இது. டயர் பக்கவாட்டில் தள்ளப்படும். காற்று போதாவிட்டால் ரிம்மை விட்டு விலகும்.

வெல்டிங் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, ஷாக் எங்கே, எந்தச் சாய்வில் மாட்டப்படுகிறது என்பது. ஆடுகையின் சரிபாதியில் ஷாக்கை மாட்டினால், சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் நாலில் ஒரு பங்கு. சக்கர அச்சுக்கு அருகே, நிமிர்த்தி மாட்டினால் ஏறக்குறைய முழு விறைப்பும் வந்துவிடும். அங்கேயே 45 டிகிரி சாய்த்தால் பாதியாகும். ஸ்பிரிங்கை மாற்றாமலே பிராக்கெட்டை நகர்த்தி வண்டியின் குணத்தை மாற்றலாம். ஆகவே பிராக்கெட்டில் இரண்டு மூன்று துளைகள் போட்டுவைப்பது நல்ல வழக்கம்.

பட்டறைகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில வைத்தியங்கள் நோயைக் கூட்டுகின்றன. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மென்மையாகும் என்று நினைக்கிறார்கள். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். கேஸ் வைத்துச் சூடாக்கினால் எஃகின் பதம் போய்ச் சில மாதங்களில் உட்கார்ந்துவிடும். ஷாக்கின் அடியிலுள்ள பல்வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை, வண்டியின் உயரம்தான் மாறுகிறது. பக்கத்தில் இன்னொரு ஷாக்கைச் சேர்ப்பது, அடிமட்டத்தில் முட்டாத வண்டியில், அடியை இரட்டிப்பாக்கும்.

மென்மைக்கும் எல்லை உண்டு. பக்கச்சக்கர ஸ்பிரிங்குகள் அளவுக்கு மீறி இளகினால் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் சரியும், அது பயமுறுத்தும். சக்கரங்களின் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் சரிவு வெகுவாகக் குறையும். இடைவெளி இரண்டு மடங்கானால் சரிவைத் தடுக்கும் பலம் நான்கு மடங்கு. ஆனால் ஊர்ச் சந்தில் நுழைய வேண்டும், வாசலில் ஏற வேண்டும். ஆட்டோரிக்‌ஷாவின் பின்சக்கரங்களைக் கவனித்தால் தெரியும், ஒவ்வொன்றும் தனிக் கையில் தனியே ஆடுகிறது. ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றது அதை அறியாது. இரு சக்கரத்தையும் ஒரே கம்பியில் கோத்த வண்டியில் ஒன்றின் அடி மற்றொன்றையும் உலுக்குகிறது. எனவே தனித்தனிக் கை என்ற ஆட்டோவின் வழியே இங்கேயும் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக இருக்கை. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது; அடி விழுவது தெரியாமலே தோல் நசுங்கி அழுத்தப் புண் வரும், ஆற மாதக்கணக்காகும். அவர்களுக்கு நல்ல ஸ்பிரிங் மட்டும் போதாது. சக்கர நாற்காலிக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மெத்தையை இருக்கையிலும் போட வேண்டும், வீடு திரும்பியதும் தோலைப் பார்க்க வேண்டும்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிவுசெய்துகொள்ளுங்கள். புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதில் ஏறி உட்காருங்கள். பக்கச்சக்கரங்கள் தனித்தனியே ஆடுகின்றனவா என்று பாருங்கள். நீங்கள் உட்கார்ந்த நிலையில் டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.