டோம்பிவிலி இல்லங்களில் இணையம்: சேவையும் ஒழுங்குமுறையும்

மும்பையின் வடகிழக்கே, தாணே மாவட்டத்தில், மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையில் அமைந்துள்ளது டோம்பிவிலி. 1983ஆம் ஆண்டு உருவான கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சியைச் சேர்ந்தது இந்நகர். மாட்டுங்கா, செம்பூர் போன்றே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மாணவரின் பாடம், அலுவலரின் பணி, வங்கி அலுவல் யாவும் இன்று இணையத்தையே நம்பியுள்ளன. இணைப்பு அறுந்தால் இல்லத்தார் முதலில் அழைப்பது தெருவிலுள்ள கேபிள்காரரை. ஆனால் அரசு உரிமத்தின்படி பொறுப்பேற்க வேண்டியவர் வேறொருவர். இவ்வேறுபாட்டை உணர, இத்தொழில் இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

கடலிலிருந்து கட்டடம் வரை

அயல்நாடுகளோடு நம்மை இணைக்கும் கடலடி வடங்களில் பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகின்றன. இவற்றின் கொள்திறனைப் பெரு நிறுவனங்கள் மொத்தமாக விற்கின்றன. இணையச் சேவை நிறுவனங்கள் அதை வாங்கிச் சில்லறையாக வழங்குகின்றன. உள்நாட்டுத் தகவல் வீணே கடல் கடந்து சென்று திரும்பாதிருக்க, 2003இல் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நிறுவப்பட்டது.

நகருக்குள் வந்த கண்ணாடி இழை வடம், தெருக்களிலும் கட்டடங்களிலும் கிளைகளாகப் பிரிகிறது. ஓர் இழையை 32 அல்லது 64 இல்லங்கள் பகிர்ந்துகொள்வதுண்டு. எனவே, அனைவரும் ஒரே வேளையில் பயன்படுத்தும் மாலை நேரங்களில் வேகம் குறையலாம். நிறுவனம் விற்கும் அளவிற்கு ஏற்ப மொத்தக் கொள்திறனை வாங்காதிருப்பதும் இதற்கு ஒரு காரணமாகும். கடைசிக் கட்டப் பணியைப் பல இடங்களில் உள்ளூர்க் கேபிள் இயக்குநர்கள், நிறுவனத்துடன் வருவாயைப் பகிர்ந்துகொண்டு செய்கின்றனர்.

உரிமம்

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தொலைத் தொடர்பை மைய அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 1998 நவம்பரில் தனியாருக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. நாடு முழுமைக்கும் ‘ஏ’, ஒரு வட்டத்திற்கு அல்லது பெருநகருக்கு ‘பி’, அதனினும் சிறிய பகுதிக்கு ‘சி’ என உரிமங்கள் மூவகையாயின. 2013ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த உரிமத்தில் இவற்றுக்கான நுழைவுக் கட்டணம் முறையே 30 லட்சம், 2 லட்சம், 20 ஆயிரம் ரூபாயாக வைக்கப்பட்டது. சிறு முதலீட்டாளரும் இத்தொழிலில் நுழைய இயன்றது இதனாலேயே.

டோம்பிவிலியின் நிலை கவனிக்கத்தக்கது. இதன் தொலைபேசிக் குறியீடு மும்பையின் 022 அன்று; கல்யாணுக்குரிய 0251. எனினும் உரிம வரையறையில் கல்யாண் தொலைபேசி நிலையப் பகுதி மும்பைச் சேவைப் பகுதியில் அடங்கும். மகாராஷ்டிர வட்டத்திற்கு மட்டும் ‘பி’ உரிமம் பெற்றவர் இங்கு சேவை வழங்க இயலாது.

ஆணையமும் நுகர்வோரும்

உரிமம் அளிப்பது தொலைத் தொடர்புத் துறை. கட்டணம், தரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது 1997இல் அமைந்த இந்தியத் தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். நிறுவனங்களுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்குகளை விசாரிக்க 2000ஆம் ஆண்டில் தனித் தீர்ப்பாயம் ஏற்பட்டது. அகலக்கற்றை என்பதன் குறைந்தபட்ச வேகம் 2004இல் வினாடிக்கு 256 கிலோபிட். 2023 ஜனவரியில் அது 2 மெகாபிட் ஆயிற்று. உள்ளடக்கத்திற்கு ஏற்ப வெவ்வேறு கட்டணம் வாங்குவதை 2016 பிப்ரவரி 8ஆம் நாள் ஆணையம் தடை செய்தது.

ஆணையம் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை. 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் நிறுவனத்திற்குள்ளேயே புகார் மையம், அதற்கு மேல் மேல்முறையீட்டு அமைப்பு என இரு படிகளை வகுத்தன. புகார் எண்ணைப் பெற்று வைத்திருத்தல் இன்றியமையாதது. தொலைத் தொடர்புக் குறைகளுக்காக நுகர்வோர் நீதிமன்றத்தையும் நாடலாம் என உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது.

கடைசிப் படி

இப்பாதுகாப்புகள் அனைத்தும் உரிமம் பெற்ற நிறுவனத்தைப் பற்றியே நிற்கின்றன. ரசீதின்றிக் கேபிள்காரரிடம் பணம் கொடுக்கும் குடும்பம், அந்நிறுவனத்தின் ஏட்டில் தன் பெயர் உள்ளதா என்பதைக்கூட அறியாது. குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வி அப்போது எழுகிறது. நிறுவனத்தின் பெயரிலேயே ரசீது கேட்டுப் பெறுவது அக்குடும்பத்தின் முதல் கடமையாகும்.

வீட்டுவசதிச் சங்கம் ஒரே நிறுவனத்திற்கு மட்டும் கட்டடத்தைத் திறந்துவிட்டால் போட்டிக்கு இடமில்லை. தெருவைத் தோண்டவும் கம்பங்களில் வடம் கட்டவும் அனுமதி முறையாகக் கிடைக்காவிடில், வடங்கள் கண்டபடி தொங்கி மழைக்காலத்தில் அறுபடும். கட்டடங்களின் இணைய வசதியைத் தரப்படுத்தும் விதிமுறைகளை ஆணையம் 2024இல் வெளியிட்டது. பழைய தந்திச் சட்டத்திற்கு மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத் தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தில்லியில் வகுக்கும் விதி டோம்பிவிலியின் மாடிப்படி வரை சென்று சேர, மாநகராட்சியும் சங்கங்களும் நுகர்வோரும் தத்தம் பங்கை ஆற்றுதல் வேண்டும்.