கர்ப்பப்பையை எடுக்காமல் ஒரு சிகிச்சை



மாதவிடாயில் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போவதை நம் தாய்மார்கள் பெரும்பாடு என்பார்கள். சுவிசேஷத்தில் நமக்குப் பழகிய சொல்தான். இதற்கு அடிக்கடி காரணமாயிருப்பது கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி. இது புற்றுநோய் அல்ல. ஆனால் இரத்தசோகையால் நான்கு படி ஏறவே மூச்சு வாங்கும் பெண்ணுக்கு அந்த ஆறுதல் போதாது. கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதுதான் நெடுங்காலம் முக்கிய சிகிச்சையாக இருந்தது.

மாற்றுவழி எதிர்பாராமல் கிடைத்தது. பாரீஸில் ரவினா என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், அறுவையின்போது இரத்தச் சேதம் குறையவேண்டி, முன்கூட்டியே கர்ப்பப்பைத் தமனிகளை அடைத்தார்கள். உபாதை நீங்கவே, சில பெண்கள் அறுவையே வேண்டாம் என்றுவிட்டார்கள்! 16 பெண்களைப் பற்றிய அவர்களது அறிக்கை 1995-ல் லான்செட் இதழில் வெளியானது. (பிரசவத்துக்குப்பின் நிற்காத இரத்தப்போக்கை இம்முறையில் நிறுத்திய செய்தி 1979-லேயே வந்திருந்தது.)

தொடை இடுக்கை அல்லது மணிக்கட்டை மரத்துப்போகச் செய்து, தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி அதைக் கர்ப்பப்பைத் தமனி வரை நகர்த்தி, பொடிமணல் போன்ற துகள்களைச் செலுத்துகிறார்கள். இருபுறமும் இப்படியே. இரத்தம் கிடைக்காத கட்டி பட்டினியால் சுருங்குகிறது. கர்ப்பப்பைக்கோ வேறு சிறு இரத்தக்குழாய்கள் கைகொடுப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. வயிற்றில் கீறலும் இல்லை, தையலும் இல்லை.

வலியே இராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதல் நாள் வலி கடுமையாகவே இருக்கும். வலுவான மருந்து தேவைப்படும். சிலருக்குக் காய்ச்சலும் வரும். கட்டியும் மாயமாய் மறைவதில்லை. சில மாதங்களில் ஏறத்தாழ பாதியாகிறது. நெதர்லாந்தில் இச்சிகிச்சை பெற்றவர்களைப் பத்தாண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2016-ல் வெளியானது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வரவில்லை. மற்றவர்களுக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது.

இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்களுக்கு, கட்டியை மட்டும் அறுத்தெடுப்பதையே மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இம்முறை ஆகாது.

இதற்கு ஆஞ்சியோகிராம் இயந்திரமும், அதில் பழகிய ஊடுகதிர் மருத்துவரும் வேண்டும். விலையுயர்ந்த இயந்திரம், எல்லா மருத்துவமனையிலும் இராது. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், சம்மதக் கையெழுத்திடும் முன், தமனியை அடைக்கும் சிகிச்சை இவருக்குப் பொருந்துமா, எங்கே செய்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.