மின்சாரக் காரில் ஏன் வாடை வீசுகிறது? இளைஞர்கள் கற்க வேண்டிய ஒரு வேலை

"மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை, புகை இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த நாற்றம்?" சிரம்பான் தெமியாங் வட்டாரத்தில் கார் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் என்னிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 2023 ஜூலையில் டெஸ்லா நம் நாட்டுக்கு வந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7ஐ அறிமுகப்படுத்தியது. நம் சாலைகளில் மின்சாரக் கார்கள் பெருகப் பெருக, இந்தக் கேள்வியும் பெருகுகிறது.

குளிர்சாதனத்தைத் திறந்த முதல் சில நிமிடங்களில் ஈரக் காலுறை போன்ற ஒரு புளித்த வாடை வரும். பிறகு குறைந்துவிடும். மறுநாள் மீண்டும் வரும். காரணம் காரின் முன்பலகைக்குப் பின்னால் இருக்கும் 'கூலிங் காயில்'. அதன் குளிர்ந்த அலுமினியத் தகடுகளைத் தொடும் காற்று, தன்னிடமுள்ள ஈரத்தை நீராக விட்டுச் செல்கிறது. ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே முறையில்தான்.

எவ்வளவு நீர் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை 10 பாகைக்குக் குளிர்வித்தால், 9 கிராம் மட்டுமே காற்றில் தங்கும். மீதி 15 கிராம் நீராகிவிடும். ஒரு மணி நேரத்தில் 100 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால், ஒன்றரை லிட்டர் நீர்! அதில் பெரும்பகுதி வடிகுழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிவிடும். தகடுகளுக்கு இடையில் எஞ்சும் ஈரத்தில் தூசி ஒட்டும்; தூசியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டிப்பால் ஏன் அப்படி நாறுகிறது? பாலில் உள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் சிதைப்பதால்தான். ஈரமும் உணவும் இருக்கும் இடத்தில் அவை தங்கள் வேலையைச் செய்யும். அது மங்காக இருந்தாலும் சரி, பல ஆயிரம் ரிங்கிட் காராக இருந்தாலும் சரி.

வாடையை மறைக்க வாசனைத் திரவியம் வைப்பவர்கள் பலர். அது பூஞ்சையைக் கொல்லாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை பின் இருக்கையில் இருந்தால், பூஞ்சைத் துகளோடு வாசனை ரசாயனத்தையும் சேர்த்து மூச்சில் இழுக்கும். வாடையை வெறும் அசௌகரியமாக நினைக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரிசெய்யும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேபின் பில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டெஸ்லா தன் கார்களுக்குப் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. நம் மழையிலும் தூசியிலும் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. அடுத்து வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, கூலிங் காயிலுக்கென்றே செய்யப்பட்ட நுரைமருந்தை அடித்து, சொல்லப்பட்ட நேரம் ஊறவிட்டு, விசிறியை ஓட்டி நன்றாகக் காயவைக்க வேண்டும். புதிய பில்டரைக் கடைசியில் பொருத்த வேண்டும்; அதிலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பான் வேண்டவே வேண்டாம். அது அலுமினியத்தை அரித்துவிடும்.

மீண்டும் வாடை வராமல் இருக்க ஓட்டுநரும் உதவலாம். வீடு சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே 'ஏசி' பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, விசிறியை ஓடவிடுங்கள். காயில் சூடேறி, ஈரம் காயத் தொடங்கும். ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சில கார்களில், காரை நிறுத்திய பிறகு விசிறி தானாகவே ஓடிக் காயவைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் காரில் அது உண்டா என்று கையேட்டில் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு கம்ப்ரசரில் தொடங்குகிறது. பெட்ரோல் காரில் அதைச் சுழற்றுவது எஞ்சின் பெல்ட். மின்சாரக் காரில் அதைச் சுழற்றுவது உயர் மின்னழுத்த மோட்டார். பல கார்களில் அது 400 வோல்ட் அளவிலானது. ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கை வைக்கக்கூடாது. அது உயிரை வாங்கும். எண்ணெயும் வேறு. பெட்ரோல் கார்களில் பொதுவாகப் பயன்படும் பிஏஜி எண்ணெயை மின் கம்ப்ரசரில் ஊற்றினால் மின்காப்பு கெட்டுவிடும். அதற்குப் பெரும்பாலும் பிஓஇ எண்ணெய்தான் வேண்டும். பல மின்சாரக் கார்களில் இதே கம்ப்ரசர்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. ஆகவே குளிர்சாதனத்தில் செய்யும் தவறு காரின் விலையுயர்ந்த பாகத்தையே பாதிக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பில்டர் மாற்றுவதும் நுரை அடிப்பதும் ஒரு நாளில் பழகிவிடும் வேலைகள். ஆரஞ்சு வயரைப் பாதுகாப்பாகத் துண்டிக்கத் தெரிந்தவர்தான் நாளைக்குத் தேவைப்படுவார். பட்டறையில் அண்ணன்மார் பக்கத்தில் நின்று பார்த்தே தொழில் கற்ற காலம் பெட்ரோல் கார்களுக்குப் போதுமானதாக இருந்தது. 400 வோல்ட்டை அப்படிக் கற்க முடியாது. ஒரு முறை தவறினாலும் அடுத்த வாய்ப்பு கிடைக்காது.

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் 1 முதல் 3 நிலைகள் வரை உண்டு. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் இருக்கின்றன. எஸ்பிஎம் முடித்துவிட்டு வாகனத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகள், சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பு பாடத்தில் இருக்கிறதா? செய்முறைக்கு உண்மையான மின்சாரக் கார் இருக்கிறதா?" இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வரும் இடத்தில் சேருங்கள்.