மல்ரி ரூல் வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் ஒரு தடவை வாசியுங்கள்



எங்கள் சனிக்கிழமை ஆலோசனை நேரத்துக்கு வருபவர்கள் வழமையாகக் கேட்பது சொலிசிற்றர் பற்றியும் வீட்டுப் பிரச்சினை பற்றியும்தான். அண்மைக்காலமாக, ஊரில் ஓடாவி வேலை, மேசன் வேலை செய்த தம்பிமார் சிலர் வேறு ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "அக்கா, மல்ரி ரூல் ஒண்டு மலிவா வருது, வாங்கட்டோ?" இங்கே சில காலம் இருந்த யாராவது "இது ஒண்டு கையில இருந்தா காணும், பிழைச்சுக் கொள்ளலாம்" என்று சொல்லியிருப்பார்.

சென்ற வருடம் வந்த ஒரு தம்பியின் கதையை முதலில் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஊரில் பதினைந்து வருடம் ஓடாவி வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 40 பவுண் கொடுத்து ஒரு மல்ரி ரூல் வாங்கியிருக்கிறார். தஞ்சம் கோரியவருக்கு, சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் இருந்தால், 2024 ஆம் ஆண்டுக் கணக்கின்படி கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ்தான். அதில் 40 பவுண் போய்விட்டது. வீட்டில் கொண்டுவந்து பார்த்தால் பிளக் சுவரில் பூட்டேலாது. மஞ்சள் நிறத்தில் உருண்டையான பிளக். "அக்கா, இந்தப் பிளக்கை வெட்டிப்போட்டு வேற பிளக் பூட்டித் தாங்கோ" என்று எங்களிடம் கொண்டு வந்தார். நல்ல காலம், தானாகப் பூட்டவில்லை. அந்த மஞ்சள் பிளக் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

இது என்ன மெசின்?

வட்ட வாள் போல இது சுற்றாது. முன்னுக்குப் பூட்டிய பிளேட் இடம் வலமாக, மொத்தம் மூன்று நான்கு பாகை அளவில் மட்டும், மிக வேகமாக அதிரும். நிமிடத்துக்கு 20,000 தடவை வரை அதிருகிற மெசின்கள் உண்டு. கண்ணால் பார்த்தால் பிளேட் அசைவதே தெரியாது.

கை முறிந்து மாவுக்கட்டுப் போட்ட பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கட்டு வெட்டுகிற மெசினைப் பார்த்திருப்பீர்கள். அதே வழிதான் இதுவும். ஜேர்மனியின் ஃபைன் என்ற நிறுவனம் 1967 இல் மாவுக்கட்டு வெட்டுவதற்கென்றே இப்படி அதிரும் வாளைக் கொண்டுவந்தது. பிறகுதான் அது தச்சுப் பட்டறைக்கு வந்தது. நீண்ட காலம் விலை கூடிய சாமானாகவே இருந்தது. 2008 வாக்கில் காப்புரிமை முடிந்த பிறகு மற்றக் கொம்பனிகளும் செய்யத் தொடங்க, விலை இறங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மாவுக்கட்டு வெட்டும் வாள் தோலை வெட்டாது, ஏனென்றால் தோல் அதோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். அதைக் கேள்விப்பட்ட சிலர் மல்ரி ரூலும் கையை வெட்டாது என்று நினைக்கிறார்கள். பிழை. மரம் வெட்டும் கூரிய பல் உள்ள பிளேட் விரலையும் வெட்டும்.

எதற்கு நல்லது?

எங்கள் பட்டறையில் நன்கொடையாக வருகிற பழைய தளபாடங்களைத் திருத்துகிறோம். அங்கே இரண்டு மல்ரி ரூல் இருக்கிறது. ஒன்று 300 வொற் வயர் மெசின், மலிவானது. மற்றது பெயருள்ள கொம்பனியின் 18 வோல்ற் பற்றறி மெசின். ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டையும் மாறி மாறிப் பாவித்துப் பார்த்து எழுதுகிறேன்.

மற்ற ஆயுதங்கள் போகாத இடத்துக்கு இது போகும். கதவுநிலையின் அடியை, புதிய நிலப்பலகை உள்ளே போகிற அளவுக்கு மட்டும் வெட்டலாம். வெளியே தள்ளி நிற்கிற மர ஆப்பை மேசை மட்டத்தோடு சேர்த்து வெட்டலாம். அலுமாரியின் பின்பலகையில் பைப் போக ஒரு சதுர ஓட்டை போடலாம். இரண்டு பலகைக்கு நடுவில் இறுகின ஆணியை வெட்டலாம். குளியலறையில் ரைல் இடுக்கில் உள்ள பழைய சீமெந்தை எடுக்கலாம், காய்ந்த சிலிக்கனைச் சுரண்டலாம். முக்கோணச் சாண்ட் பேப்பர் ஒட்டி, வட்ட மெசின் போகாத மூலையை மினுக்கலாம்.

ஆனால் நீட்டுக்கு நேராக வெட்டுவதற்கு இது உதவாது. எட்டடிப் பலகையை இதால் அறுக்க வெளிக்கிட்டால் கோடும் கோணும், பிளேட்டும் போகும், நேரமும் போகும். தடித்த சட்டம் என்றால் கைவாளே கெதி. பனை வளை அறுத்துப் பழகின கைக்கு இந்த மெசின் ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் இருக்கும் என்று அந்தத் தம்பியே பிறகு சொன்னார். ஓட்டை போடவும் ஸ்குறூ முறுக்கவும் இதால் ஏலாது, அதற்கு ட்ரில் வேண்டும். ஆகவே கையில் ஒன்றுமே இல்லாத ஒருவர் முதலில் வாங்க வேண்டிய ஆயுதம் இது இல்லை என்பது என் கருத்து. நல்ல கைவாள், சுத்தியல், உளி, மட்டம், ஒரு ட்ரில். இவை எல்லாம் இருந்தால் ஐந்தாவது ஆறாவது சாமானாக இது வரலாம்.

எங்கள் இரண்டு மெசினிலும் ஒரே பிளேட்டைப் பூட்டி ஒரே பைன் பலகையை வெட்டினோம். வெட்டும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் இதை எதிர்பார்க்கவில்லை. வித்தியாசம் கையில்தான் தெரிந்தது. மலிவான மெசினைப் பத்து நிமிடம் பிடித்தால் விரல் விறைக்கிற மாதிரி அதிர்வு, சத்தமும் கூட. பிளேட் மாற்ற அலன் சாவி தேட வேண்டும். மற்றதில் ஒரு நெம்பைத் தூக்கினால் போதும். வருடத்துக்கு நாலு தரம் பாவிப்பவருக்கு மலிவானதே காணும். நாள் முழுக்கப் பிடிப்பவருக்குக் காணாது.

பிளேட் செலவு

கடைக்காரர் சொல்லாத விடயம் இது. மெசின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிளேட் தேயும், உடையும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். ஒரு நல்ல பிளேட்டுக்குப் பத்துப் பவுண் வரை கொடுக்க நேரிடும். நாலு பிளேட் வாங்கினால் அந்தத் தம்பி கொடுத்த மெசின் விலை வந்துவிடும்.

மரத்துக்கு மட்டும் என்று வருகிற பிளேட் ஒரு ஆணியில் பட்டால் பல் எல்லாம் போய்விடும். பழைய தளபாடத்தில் எங்கே ஆணி ஒளிந்திருக்கிறது என்று தெரியாது, அதனால் இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த பை-மெற்றல் பிளேட்டே புத்தி. ரைல் சீமெந்துக்கு கார்பைட் பிளேட் வேண்டும். எந்தப் பிளேட் ஆனாலும் அழுத்தி வெட்டாதீர்கள். அழுத்தினால் சூடாகி, நீலம் பாய்ந்து, கூர் போய்விடும். மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துக் கொண்டு வெட்ட வேண்டும். இரும்பு என்றால் வேகத்தைக் குறைக்கவும்.

பிளேட் மெசினுக்குப் பொருந்துமா என்பதும் முக்கியம். பொஷ், ஃபைன் மெசின்களில் இப்போது வருவது ஸ்ரார்லொக் என்ற பூட்டு. அதில் சாதாரணம், பிளஸ், மக்ஸ் என்று மூன்று வகை. மக்ஸ் மெசினில் மூன்று வகைப் பிளேட்டும் பூட்டலாம். சாதாரண மெசினில் மக்ஸ் பிளேட் பூட்டேலாது. வேறு கொம்பனி மெசின்களுக்கும், பழைய மெசின்களுக்கும் வேறு வேறு துவாரம். இரண்டாம் கையாக வாங்கும்போது பிளேட் பூட்டும் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதற்குரிய பிளேட் இப்போதும் விற்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பற்றறி மெசினில் இன்னொரு பொறி இருக்கிறது. "வெறும் மெசின்" என்று மலிவாகப் போட்டிருப்பார்கள். பற்றறியும் சார்ஜரும் தனியாக வாங்க மெசின் விலைக்கு மேலே போகும்.

மஞ்சள் பிளக்

பிரித்தானியாவில் வீட்டுக் கரண்ட் எங்கள் ஊரைப் போலவே 230 வோல்ற். ஆனால் கட்டிடத் தளங்களில், ஆபத்தைக் குறைப்பதற்காக, 110 வோல்ற் பாவிக்கிறார்கள். அந்த மெசின்களுக்கு மஞ்சள் பிளக் இருக்கும், தனியான ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை வெட்டிச் சாதாரண பிளக் பூட்டி வீட்டுச் சுவரில் செருகினால் மெசின் எரியும், ஆளுக்கும் ஆபத்து. தளங்களில் இருந்து கழித்ததும், சில வேளை களவு போனதும், சந்தைக்கு மலிவாக வருகிறது.

களவுச் சாமான் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் வேலை ஆட்களின் வாகனத்தை உடைத்து ஆயுதங்கள் திருடுவது அடிக்கடி நடக்கிறது. களவு என்று தெரிந்தோ நம்பியோ வாங்குவது 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி குற்றம். நூறு பவுண் சாமானைத் தெருவில் இருபதுக்குத் தந்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது இலகு இல்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ள ஒருவருக்குப் பொலிஸ் வழக்கு ஒன்று எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள். ரசீது தருகிற இடத்தில் வாங்குங்கள். கடையில் வாங்கியது பழுது என்றால், 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம்.

பிளக்குக்குள் இருக்கிற பியூஸையும் பாருங்கள். 300 வொற்றை 230 ஆல் வகுத்தால் 1.3 அம்பியர். ஆகவே 3 அம்பியர் பியூஸ் போதும். 13 போட்டிருந்தால் முன்பு யாரோ கைவைத்திருக்கவும் கூடும்.

தங்கியிருக்கும் வீட்டில் வேண்டாம்

ஹோம் ஒபிஸ் தந்த வீட்டிலோ விடுதியிலோ சுவர், கதவு, கூரைத் தட்டு, குளியலறை எதையும் வெட்டவோ சுரண்டவோ கூடாது. கதவு இறுகுகிறது, பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்றால் உங்களுக்குத் தந்த கடிதத்தில் உள்ள உதவி இலக்கத்துக்கு அடித்து முறையிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். திருத்துவது அவர்கள் பொறுப்பு. நல்ல மனதோடு நீங்கள் வெட்டினாலும், சேதப்படுத்தினீர்கள் என்று எழுதி விடுவார்கள்.

வேறொரு காரணமும் இருக்கிறது, அது உயிர்க் காரணம். எங்கள் ஊரில் அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் பலர். அதை வெட்டி, துளைத்து, தூசியைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கிறோம். இந்த நாட்டில் அதை 1999 இல் முற்றாகத் தடை செய்தார்கள். ஆனால் 2000 ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளில் இன்னும் இருக்கலாம். புள்ளி புள்ளியாக, அலை அலையாகப் பூசிய கூரைத் தட்டில், பழைய நிலரைலில், பைப்பை மூடிய பலகையில். பார்த்துச் சொல்ல முடியாது. மல்ரி ரூல் போன்ற அதிரும் மெசின் அதை மிக நுண்ணிய தூசியாக்கும். சுவாசித்தால் இருமல் உடனே வராது. பல பத்து வருடம் கழித்து நுரையீரல் நோயாக, புற்றுநோயாக வரலாம். சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். சாதாரண மரத்தூசிக்கும் சீமெந்துத் தூசிக்கும்கூட துணியைக் கட்டிக்கொண்டால் காணாது, எஃப்.எஃப்.பி.3 என்று எழுதிய முகக்கவசம் வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் அதோடு.

உழைக்கலாமா?

அந்தத் தம்பிக்கு ஒரு கடைக்காரர், கடை திருத்த நாளுக்கு 60 பவுண் கையில் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குத்தான் மெசின். கேட்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் ஊரில் அவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. என்றாலும் மறைக்காமல் சொன்னேன். 2016 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் பின், அனுமதி இல்லாமல் வேலை செய்வதே குற்றம். உழைத்த காசையும் பறிக்கலாம், உதவிப் பணமும் நிற்கலாம். கையில் காசு வாங்கிச் செய்யும் சில்லறைத் திருத்த வேலையும் வேலைதான். காசுக்குப் பதிலாகச் சாப்பாடு, தங்க இடம் என்றாலும் அதேதான். உங்கள் பிழை இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராவிட்டால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கிடைத்தாலும் குறிப்பிட்ட சில வேலைகள் மட்டுமே, சொந்தத் தொழில் செய்ய அதில் இடமில்லை. விதிகள் மாறிக் கொண்டிருப்பதால் சொலிசிற்றரிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம்.

அதுவரை கை சும்மா இருக்க வேண்டியதில்லை. பதிவு செய்த தொண்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் தொண்டராக வேலை செய்யலாம், பஸ் காசு போன்ற உண்மையான செலவை அவர்கள் தரலாம். பல ஊர்களில் "மென்ஸ் ஷெட்" என்று பொதுப் பட்டறைகள் இருக்கின்றன, ஓய்வு பெற்ற ஆட்கள் கூடி மரவேலை செய்கிற இடம். மெசின் அங்கே இருக்கும், ஆங்கிலமும் காதில் விழும். சில நகரங்களில் புத்தகம் போல ஆயுதங்களை இரவல் தருகிற நூலகங்களும் உண்டு. எடின்பரோவில் 2015 இல் அப்படி ஒன்று தொடங்கினார்கள். ஒரு நாள் தேவைக்கு இரவல் எடுப்பது வாங்குவதை விட எத்தனையோ மலிவு.

அந்தத் தம்பி கடை வேலைக்குப் போகவில்லை. மஞ்சள் பிளக் மெசின் எங்கள் அலுவலக அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அவர் சனிக்கிழமைகளில் பட்டறைக்கு வருகிறார், புதிதாக வருபவர்களுக்கு பிளேட் மாற்றிக் காட்டுவது இப்போது அவர்தான். கதிரை கால் பொருத்துவதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

பட்டறைக்கு வர விரும்புவோர் வரவேற்பு மேசையில் பெயரைக் கொடுங்கள். முன்பக்கம் மூடிய சப்பாத்துப் போட்டு வரவும். செருப்போடு வந்தால் மெசின் தரமாட்டோம்.