கள்ளப் பிரதியில் கடை நடத்தாதீர்கள்

2017 மே 12. வானாகிரை என்ற வைரஸ் சில நாட்களுக்குள் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. ஆந்திராவில் சித்தூர் உட்படச் சில மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகள் மாட்டின. திருப்பதியில் தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் தப்பவில்லை. கோப்புகள் திறக்கவில்லை, 300 டாலரை பிட்காயினாகக் கட்டச் சொல்லித் திரையில் மிரட்டல் நின்றது.

அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் சிக்கினார்கள்.

இதில் நம் கடைத்தெருவுக்கு என்ன வேலை? சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு டிடிபி கடைக்காரர் அசெம்பிள் செய்த கணினி வாங்குகிறார். விண்டோஸ், போட்டோஷாப் எல்லாம் 'சேர்த்தே போட்டு' வருகிறது. உரிமச் சாவியை ஏமாற்றும் 'கிராக்' நிரல் முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான். பிறகு, கள்ளப் பிரதி என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து அப்டேட்டையும் அணைத்துவிடுகிறார்கள். அந்தக் கணினியில்தான் வாடிக்கையாளரின் ஆதார் நகல், பத்திரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கிடக்கின்றன. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பூட்டுக்காரனையும் அனுப்பிவைத்த கதை இது.

சட்டமும் சும்மா இருக்காது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விடலாம். கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

உங்களுக்கும் உரிமைகள் உண்டு. கள்ளப் பிரதி என்று போலீஸ் பொருளைக் கைப்பற்றினால், 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் திரும்பக் கேட்டு மனு போடலாம். ஆதாரமே இல்லாமல் பதிப்புரிமை வழக்குப் போடுவோம் என்று யாராவது மிரட்டினால், 60ஆம் பிரிவின் கீழ் நீங்களே நீதிமன்றம் போகலாம். இதற்கெல்லாம் அடிப்படை பில். கணினி வாங்கும்போது எந்த மென்பொருள், எந்த உரிமம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வைரஸ் பூட்டிவிட்டால் பணம் கட்டாதீர்கள்; கட்டினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல் பங்கேற்று 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்று கணினியோடு இணைக்காத தனி ஹார்டு டிஸ்க்கில் எப்போதும் இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லையும் எதற்கு? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், அலுவலக வேலைக்கு லிப்ரேஆபீஸ், படத்துக்கு கிம்ப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் ஆகியவை காசில்லாமலே சட்டப்படி நம் கைக்கு வருகின்றன. தமிழ், தெலுங்கு இரண்டையும் யூனிகோடில் அடிக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருக்கிறது. இவற்றுக்கும் பதிப்புரிமை உண்டு. பயன்படுத்தவும் நகலெடுத்துக் கொடுக்கவும் உரிமமே அனுமதிக்கிறது. பயன்படுத்துவதோடு நிற்காமல் நகலெடுத்துக் கொடுப்பவரும் மாற்றி எழுதி விற்பவரும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். ஜிபிஎல் என்ற உரிமத்தில் வந்த நிரலை மாற்றி விற்றால், வாங்கியவருக்கு மூல நிரலையும் தர வேண்டும். பழைய டிடிபி மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளை மாற்றுவது சிரமம்தான், மறுக்கவில்லை. புதிய வேலைகளையாவது இவற்றில் தொடங்கலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அது ஓடும் பழைய கணினி உங்களிடம் இருந்தால், ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதையும் அழிக்காமலே ஓடும். பிரிண்டர் வேலை செய்கிறதா, எழுத்துரு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.